முதல் செக்குக்கு ஒரு தாண்டல்

பெங்களூரில், எங்கள் நீலசந்திராவில் செஸ் ஆடினால் ராஜா தாண்டுவார். மற்ற இடங்களில் அவர் தாண்டமாட்டார் என்பது ஏழாம் வகுப்பு முடிகிறவரை எனக்குத் தெரியாது.

தாண்டுவது என்றால் வேறொன்றுமில்லை. ஆட்டத்தில் முதல் தடவை செக் விழும்போது, ராஜா குதிரையைப் போல ஒரே ஒரு முறை எகிறிப் போய் வேறு கட்டத்தில் உட்காரலாம். ஆட்டத்துக்கு ஒரு தாண்டல்தான். அதற்குப் பிறகு அவர் வழக்கம்போல ஒவ்வொரு கட்டமாக நடந்துதான் சாக வேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் தமிழ் பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், உருது பேசுகிற பாய்மார்கள் என்று எல்லோரும் உண்டு. எதில் சண்டை வந்தாலும் தாண்டல் விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை.

அந்த ஸ்டாண்டின் சாம்பியன் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. சொந்த ஆட்டோ வைத்திருந்தார். ஆனால் காலையில் சவாரி குவிகிற நேரத்தில்தான் அவருக்கு ஆட்டம் சூடு பிடிக்கும். ஆட்டோவின் பின் சீட்டில் பலகை விரித்திருக்கும். ஆபீஸ் போகிறவர்கள் வந்து, "ரிச்மண்ட் சர்க்கிள் வரீங்களா?" என்று கேட்பார்கள். சித்தப்பா பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "காலி இல்ல" என்பார். கேட்டவர் வெறும் ஆட்டோவைப் பார்ப்பார், சித்தப்பாவைப் பார்ப்பார், தலையில் அடித்துக்கொண்டு போவார். சித்தி இதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். "ஊர்ல இருக்கறவன் எல்லாம் காலைலதான் சம்பாதிக்கிறான். இவருக்கு மட்டும் காலைல ராஜாவக் காப்பாத்தற வேல."

பலகையில் வெள்ளை ராஜா எப்போதோ தொலைந்து போயிருந்தார். அவருக்குப் பதில் ஒரு பழைய ஸ்பார்க் பிளக் நின்றது. அது தாண்டி இறங்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். சுற்றி நிற்பவர்கள் உடனே கத்துவார்கள். "ஏ, ராஜா ஹார்த கணோ!" என்று கன்னடக்காரர் ஒருவர் துள்ளுவார். ராஜா தாண்டிவிட்டான் என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்காகவே நான் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன்.

நான் படித்த கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் வேறு பள்ளி தேட வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஏழாம் வகுப்பைத் தொட்டவனே நான்தான். அதனால் அடுத்து என்ன செய்வதென்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அப்பா சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறவர். கெட்ட மனிதர் இல்லை. பன்னிரண்டு வயதில் ஆண்பிள்ளை என்ன செய்வான் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே உதாரணம் அவர்தான்.

டிரில் மாஸ்டர்தான் வீட்டுக்கே வந்து சொன்னார். பிரேசர் டவுனில் ஒரு உயர்நிலைப் பள்ளி. வருஷா வருஷம் ஏழாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்குச் செஸ் போட்டி வைக்கிறார்கள். முதல் பரிசு வாங்குகிறவருக்கு அங்கேயே எட்டாம் வகுப்பில் சீட்டு. சம்பளம் கிடையாது, புத்தகமும் அவர்களே கொடுப்பார்கள்.

அப்பா யோசித்தார். "செயிச்சா படிக்கட்டும்" என்றார். "தோத்தா எங்கூட பக்கெட்டத் தூக்கிட்டு வரட்டும். அப்புறம் யாரும் எங்கிட்ட பேசக் கூடாது."

சித்தப்பா எழுந்து சட்டையை உதறிக்கொண்டு, "அண்ணே, பெயிண்டு வாங்கற கடைல இப்பவே சொல்லிடு. பையன் வரமாட்டான்னு" என்றார்.

எனக்குப் பயிற்சி தொடங்கியது. காய்களை நகர்த்த எனக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்டாண்டில் பாதிப் பேரை ஜெயித்தும் இருந்தேன். சித்தப்பா சொல்லிக்கொடுத்தது அவருடைய சொந்தச் சரக்கு. 'வாசல் தெறப்பு' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். வெள்ளைக் காய் நம்முடையது என்றால், ராஜாவுக்கு வலப்பக்கத்து மந்திரியின் முன்னால் நிற்கும் சிப்பாயை முதலில் ஒரு கட்டம் நகர்த்த வேண்டும். அடுத்து அதற்கும் பக்கத்தில், குதிரைக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும். இப்போது ராஜாவின் வீட்டுக் கதவு 'ஆ'வென்று திறந்து கிடக்கும். எதிராளி அதைப் பார்த்து ஆசைப்பட்டு, ராணியைக் கோணலாக ஓட்டி வந்து பலகையின் ஓரத்தில் நிறுத்திச் செக் வைப்பான். அதுதான் நமக்கு வேண்டியது. ராஜா எழுந்து, குதிரைச் சிப்பாய் காலி செய்துவிட்டுப் போன கட்டத்துக்குத் தாண்டுவார். டக். செக் போச்சு. வந்த ராணி தனியாக வெளியே மாட்டிக்கொள்ளும். குதிரையும் மந்திரியும் அதைத் துரத்துவதிலேயே ஆட்டம் நம் கைக்கு வந்துவிடும்.

ஸ்டாண்டில் இதற்குத் தப்பித்தவர்கள் குறைவு. ஒரு பாய் தோற்றுவிட்டு, "யே சால் நை, சைத்தான் கா காம்!" என்று எழுந்து போனதை நானே பார்த்தேன். இது ஆட்டமில்லை, சைத்தான் வேலை என்று அர்த்தம்.

"டேய் கண்ணு, இத மொதல்லயே எடுக்காத" என்றார் சித்தப்பா. "பாத்துட்டா உஷாராயிடுவானுங்க. கடைசி ஆட்டம் வரைக்கும் சாதாரணமா ஆடு. கடைசியில வாசலத் தெற."

போட்டியன்று அந்தப் பள்ளிக்கூடத்தின் ஹாலுக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். வரிசை வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் இரட்டை முகம் வைத்த கடிகாரம். காய்களின் அடியில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது. அதனால் நகர்த்தினால் சத்தமே வரவில்லை. கூட வந்தவர்கள் ஒரு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அங்கே பெரும்பாலும் அம்மாக்கள்தான். நடுவில் காக்கிச் சட்டையோடு சித்தப்பா.

முதல் ஆட்டத்திலேயே ஒரு அதிசயம் நடந்தது. எதிரே இருந்த பையன் தன் ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் எடுத்து, இடம் மாற்றி வைத்துவிட்டான். நான் கையைத் தூக்கினேன். நடுவர் வந்தார். வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கன்னடக்காரர். நான் குற்றச்சாட்டைச் சொன்னதும் பக்கத்து மேஜைகளில் சிரிப்பு கிளம்பியது.

"காஸ்லிங் கணப்பா. அது பண்ணலாம்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குக் காது சுட்டது. ஆனால் யோசித்தபோது நியாயமாகத்தான் பட்டது. இவர்கள் பக்கத்தில் ராஜாவுக்கு இப்படி ஒரு சலுகை. எங்கள் பக்கத்தில் தாண்டல். ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும்போல. அதைப் போய் இன்னொரு முறை கையைத் தூக்கிக் கேட்டுச் சிரிப்பு வாங்குவானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஆட்டத்தை ஜெயித்தேன். அடுத்ததையும் ஜெயித்தேன். தோற்றவர்கள் வீட்டுக்குப் போகப் போக மேஜைகள் காலியாகின. இரண்டொரு செக் விழுந்தபோதும் நடுவில் காயை வைத்தே தடுத்துவிட்டேன். தாண்டலைக் கடைசி ஆட்டம் வரை யாருக்கும் காட்டக் கூடாது. மத்தியானத்துக்குள் நடுவர் என் மேஜைக்கு அருகில் வந்து நின்று பார்க்க ஆரம்பித்திருந்தார். "சென்னாகி ஆடுத்தியல்லோ" என்றார் ஒரு தடவை. நன்றாக ஆடுகிறாயே என்று. அதை நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சித்தப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

ஆட்டோவில் உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிட்டோம். சித்தப்பாவுக்கு இறங்கவில்லை. பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு, "கடைசி ஆட்டம்" என்றார். "வாசல்."

"வாசல்" என்றேன் நானும்.

கடைசி ஆட்டத்தில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தது ஒரு சின்னப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை. காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பெரிய பள்ளி ஒன்றின் பனியன் போட்டிருந்தாள். தமிழ்ப் பெண்தான். இரண்டு கையையும் மூடி நீட்டி, "ஒண்ணு தொடு" என்றாள். தொட்டேன். வெள்ளை.

திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

மந்திரிக்கு முன்னாலிருந்த சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திக் கடிகாரத்தைத் தட்டினேன். அந்தப் பெண் காலாட்டுவதை நிறுத்தவில்லை. தன் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். ராணிக்கு வழி திறந்துவிட்டது. எனக்குள் குதூகலம் பொங்கியது. குதிரைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். வாசல் திறந்தாயிற்று.

அவள் காலாட்டுவது நின்றது.

பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். ஏதோ ஏமாற்று வேலை இருக்கிறது என்று சந்தேகப்படுகிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டேன். கடைசியில் ராணியை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாகக் கோணலாக இழுத்துக்கொண்டு வந்து ஓரத்தில் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. எடுத்துவிட்டு, கேள்வி கேட்பது போல, "மேட்?" என்றாள்.

நான் சிரித்தேன். ராஜாவைத் தூக்கினேன். குதிரை போகிற மாதிரி பக்கவாட்டில் இரண்டும் முன்னால் ஒன்றுமாகக் கொண்டுபோய் இறக்கினேன். டக் என்று கேட்கவில்லை. பச்சைத் துணி. ராஜா சத்தமில்லாமல் இறங்கினார்.

"அய்யே! ராஜா அங்கெல்லாம் போகாது" என்றாள் அவள்.

"மொத செக்குக்குப் போகும்" என்றேன்.

அவள் கையைத் தூக்கினாள். நடுவர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார். நான்கே நகர்த்தலில் முடிந்துபோன ஆட்டத்தை அவர் நம்ப மறுப்பது போலக் குனிந்து பார்த்தார். என் ராஜாவைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தார். ராணியின் வழியை விரலால் கோடு போட்டுப் பார்த்தார்.

"ஏனப்பா இது?" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "ஆட்ட முகீது கணப்பா" என்றார்.

ஆட்டம் முடிந்துவிட்டது என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. எந்த ஆட்டம் என்பதுதான் புரியவில்லை. நான் இன்னும் ஆட ஆரம்பிக்கவே இல்லையே. என் குதிரைகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கடிகாரத்தில் முள் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. அழுகை வரவில்லை. அழுகை வருவதற்குக்கூட என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குள் சித்தப்பா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

"சார், மொத செக்கு சார்! மொத செக்குக்குத் தாண்டல் உண்டு சார்!"

"நீங்க வெளிய இருங்க" என்றார் நடுவர்.

"அவன் இன்னும் தாண்டவே இல்ல சார் இன்னிக்கு. காலைலருந்து வச்சிருக்கான். வேணும்னா யார வேணா கேளுங்க."

"யாரைக் கேக்கறது?"

"எங்க ஸ்டாண்டுல வந்து கேளுங்க!"

"எந்த ஸ்டாண்டு?"

"நீலசந்திரா ஆட்டோ ஸ்டாண்டு சார்!"

ஹால் முழுக்கச் சிரித்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாக்கள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சித்தப்பா ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தார். யாராவது ஒருவர், ஆமாம், தாண்டல் உண்டு என்று சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். அவர் ஸ்டாண்டில் நின்று பேசினால் எல்லோரும் கேட்பார்கள். அந்த மாதிரி முகத்தோடுதான் அங்கும் நின்றார்.

சிரிக்காதவர் நடுவர் ஒருவர்தான். சித்தப்பாவின் தோளில் கை வைத்தார். "நம்ம ஹள்ளீலூ ஹிங்கே ஆடித்வி" என்றார். எங்கள் கிராமத்திலும் இப்படித்தான் ஆடினோம் என்று அர்த்தம். சித்தப்பாவின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. நடுவர் தலையை ஆட்டினார். "ஆனா இங்க இல்ல."

அந்தப் பெண் இன்னமும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தவள் போலவே இல்லை. "இதுக்கு ஃபூல்ஸ் மேட்னு பேரு" என்று என்னிடம் சொன்னாள். "எங்க சார் சொல்லிக்குடுத்தாரு. நெஜமா யாரும் இப்படி ஆட மாட்டாங்க, சும்மா தெரிஞ்சி வச்சிக்கோன்னாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ வேணும்னே ஆடினியா?" என்று கேட்டாள்.

வேண்டுமென்றேதான் ஆடினேன். ஆனால் அதை எப்படிச் சொல்வது?

அவளுக்குப் பெரிய கப். எனக்கு இரண்டாம் பரிசாகச் சின்னக் கப். அவளுக்கு எட்டாம் வகுப்புக்கு இன்னும் வருஷங்கள் இருந்தன. சீட்டு தேவையே இல்லை என்று அவள் அம்மா மேடையிலேயே சொல்லிவிட்டார். அப்படியானால் அடுத்தவனுக்கு என்று யாரும் சொல்லவில்லை. முதல் பரிசுக்கு என்றால் முதல் பரிசுக்குத்தான்.

திரும்பும்போது அல்சூர் ஏரிக்கரையில் சித்தப்பா வண்டியை ஓரம் கட்டினார். "கூடாதாமே" என்றார் தனக்குள். "யார்ரா சொன்னது?" மறுபடி வண்டியைக் கிளப்பினார்.

பக்கெட்டின் கைப்பிடி எப்படி இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். அப்பாவின் உள்ளங்கையில் அதன் தழும்பு இருக்கும்.

வீட்டு வாசலில் அப்பா உட்கார்ந்து பிரஷ்ஷை டர்பன்டைனில் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா என் கையிலிருந்த கப்பைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கினார்.

"செயிச்சிட்டான்!"

அன்றைய நாளில் எனக்கு விழுந்த பெரிய அடி அதுதான். அந்தப் பெண்ணின் ராணிகூட என்னை அப்படி உலுக்கவில்லை. அம்மா ஓடி வந்தாள். சித்தி ஓடி வந்தாள். அப்பா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கப்பை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய கப்பைப் பார்க்காதவருக்கு அது பெரிய கப்தான். "சீட்டு?" என்றார்.

"ஜூன்ல வரச் சொல்லிட்டாங்க" என்றார் சித்தப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த இரண்டு மாசமும் நான் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. தெருவில் எல்லோரும் என்னைச் சாம்பியன் என்றார்கள். அப்பா பெயிண்ட் கடையில் உண்மையாகவே சொல்லிவிட்டு வந்திருந்தார். கப் சாமி படத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஜூனில் பள்ளி வாசலில் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள், அப்போது அப்பாவும் பக்கத்தில் இருப்பார் என்று கனவு வந்தது. சித்தப்பாவிடம் தனியாகக் கேட்கலாமென்றால் அவர் தனியாகச் சிக்கவில்லை.

ஜூனில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிப்போனார். ஹெட்மிஸ்ட்ரெஸ் அறை வாசலில் நின்றோம். உள்ளேயிருந்து பியூன் வந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். என் பெயர். அப்பா என்னை முன்னால் தள்ளினார். நான் நகரவில்லை. பியூன் இரண்டாம் தடவை கூப்பிட்டார். அப்போதும் என் பெயர்தான்.

எனக்கு எட்டாம் வகுப்பு, பி செக்ஷனில் இடம் கிடைத்தது.

என் புத்திக்கு எட்டிய ஒரே விளக்கம் இதுதான்: நடுவர் மேலிடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் கிராமத்திலும் தாண்டல் உண்டல்லவா? விசாரித்துப் பார்த்துத் தாண்டல் செல்லும் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆக, ஆட்டம் முடியவே இல்லை, நான் தோற்கவும் இல்லை. இதைப் புதுப் பள்ளியில் என் பெஞ்சுக்காரனிடம் மிகவும் பெருமையாகச் சொன்னேன். அவன் செஸ் ஆடமாட்டான். அதனால் நம்பினான்.

சித்தப்பா ஸ்டாண்டில் பலகை விரிப்பதை நிறுத்தியிருந்தார். காலையில் அவர் ஆட்டோவில் ஆறு பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் பைகளும் தண்ணீர் பாட்டில்களும் தொங்கும். ஆஸ்டின் டவுன் பக்கத்திலிருந்து வருகிற, என் பள்ளி டீச்சர்களின் பிள்ளைகள். ஹாலில் பட்ட அவமானத்தில் ஆட்டத்தை வெறுத்து, சம்பாதிக்கக் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். ஸ்டாண்டிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

நான் பத்தாவது பாஸான அன்று கேசரி கிண்டிக்கொண்டே சித்திதான் சொன்னாள், ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல. போட்டி முடிந்த மறுவாரமே சித்தப்பா அந்த ஹெட்மிஸ்ட்ரெஸ் அறை வாசலில் போய் நின்றாராம். மூன்று நாள் உள்ளே விடவில்லையாம். நான்காம் நாள் போனவர், பையன் படிக்கிற வரைக்கும் டீச்சர்கள் பிள்ளைகளைக் காலையும் மாலையும் நான் ஏற்றி இறக்குகிறேன், யாரும் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்றாராம்.

ஆனால் எட்டாம் வகுப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: நான் நீலசந்திராவிலிருந்து சிவாஜிநகருக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், அங்கிருந்து நடப்பேன். பள்ளிக்கு இரண்டு தெரு முன்னால் அந்த ஆட்டோ என்னைக் கடந்து போகும். ஒரு நாள் கை காட்டி நிறுத்தினேன். புத்தகப் பை அன்று கனமாக இருந்தது.

சித்தப்பா திரும்பி உள்ளே பார்த்தார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ஒரு குட்டிப் பையன் அவருடைய சீட்டிலேயே பாதியைப் பிடித்துக்கொண்டு ஹாண்டில்பாரைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

"காலி இல்லடா கண்ணு" என்றார் சித்தப்பா.

யார் வந்து கேட்டாலும் அப்படிச் சொல்வதுதானே அவர் பழக்கம் என்று நினைத்தேன். சொந்த அண்ணன் மகனிடமுமா என்று கொஞ்சம் கோபம் வந்தது. பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஆட்டோ விட்டுப் போன புகைக்குப் பின்னால் பள்ளிக்கு நடந்தேன்.